மொச்சை வேரழுகலும் ஈஸ்டு வைத்தியமும்

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் மூன்று நாடுகளிலும் சாமைக்குத் துணையாக விதைக்கப்பட்டுவரும் அவரை, மொச்சை, துவரை, கொள்ளு முதலியவற்றைச் சில்லறைப் பயிர்கள் என்று எண்ணிவிடலாகாது. வீட்டுக் குழம்புக்கும், சந்தைச் செலவுக்கும், கால்நடைத் தீவனத்துக்கும், சாமை எடுத்துக்கொண்ட சத்தில் ஒரு பகுதியை நிலத்துக்குத் திருப்புவதற்கும் இவை உதவுகின்றன. இப்பயிர்களை மண்ணிலிருந்து கிளம்பித் தாக்கும் பூசண நோய்களை, ரொட்டிக்காரர் மாவைப் பொங்கவைக்க உபயோகிக்கும் ஈஸ்டையும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்ற நுண்ணுயிர்களையும் கொண்டு அடக்கலாம் என்று அயல்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சிலர் எழுதியிருக்கின்றனர். அதைக் கேள்வியுற்ற குடியானவர், நாமும் செய்து பார்க்கலாமா என்று கேட்பது இயற்கையே. செய்து பார்க்கலாம், ஆனால் இப்பொழுது ஒரு சோதனைப் பாத்தியில் மட்டுமே செய்யலாம், விதைப்புக் காடு முழுவதையும் அதற்கு ஒப்புவிக்கலாகாது என்பது எமது அபிப்பிராயம்.

இதைச் சற்று அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் கடை விதையை வாங்கி விதைப்பவருக்கு ஒரு பருவம் தவறினால் அப்பருவத்து விளைச்சல்தான் நஷ்டம். மலைநாட்டில் வீட்டு விதையை விதைப்பவருக்கோ, அது மண்ணில் அழுகிப்போனால் விளைச்சலுடன் விதையும் போய்விடுகிறது. பாட்டன் காலத்திலிருந்து சாம்பலில் புரட்டிப் பானையில் காத்துவந்த மொச்சை எந்தக் கடையிலும் கிடைப்பதன்று. ஆகையால் புதிய வைத்தியம் எதையும் அவ்விதையின் மேல் முதன்முதலாகப் பிரயோகிக்குமுன் இருமுறை யோசிப்பது நல்லது.

முதலில் நோயைச் சரியாக அறிந்துகொள்ளவேண்டும். செடி வாடிற்று என்றால் 'வேரழுகல்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவது வழக்கமாயிருக்கிறது. வாடிய செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டியெடுத்துக் கழுவிப் பார்த்தால், அதைக் கொன்றது யார் என்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். வேரின் பட்டை நார் நாராக உரிந்து, அதன் அடியிலும் தண்டின் அடிப்பாகத்திலும் கரித்தூளைத் தூவினாற்போல நுண்ணிய கரும்புள்ளிகள் காணப்பட்டால், அது மேக்ரோபோமினா என்னும் பூசணத்தின் வேலை. வேர் வெளிக்கு நன்றாயிருந்து, தண்டை நெடுகப் பிளக்கும்பொழுது உள்ளே பழுப்பு நிறக் கோடுகள் ஓடினால், அது பியூசேரியம் உண்டாக்கும் வாடல் நோய். தண்டு மண்ணைத் தொடுமிடத்தில் வெள்ளை நூற்படலமும் அதன்மேல் கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால் ஸ்கிளிரோஷியம். அவ்விடத்திலேயே செம்பழுப்பான பள்ளப்புண் விழுந்திருந்தால் ரைசோக்டோனியா. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் விதை முளைக்குமுன்னும் முளைத்தவுடனும் கூழாகிப்போவது பித்தியத்தால். அதற்கு மருந்தைவிட வடிகாலே முக்கியம்.

இவ்வேறுபாடுகளைப் படிப்பாளிகளின் நுணுக்கம் என்று ஒதுக்கலாகாது. மானாவாரிப் பயறுகளில் நாம் அடிக்கடி காண்பது மேக்ரோபோமினாவே. இது வெப்பத்தையும் வறட்சியையும் விரும்பும் பூசணம். விதைத்தபின் மழை சில வாரம் பின்வாங்கி, செடி தாகத்தால் தளர்ந்திருக்கும் சமயத்தில்தான் இது தலையெடுக்கிறது. இதன் கரும்புள்ளிகள் பயிர்க்கட்டைகளிலும் மண்ணிலும் சில வருஷங்கள் உயிரோடு கிடக்கும், விதையோடும் வரும். ஐந்நூறுக்கு மேற்பட்ட செடிவகைகளைத் தாக்கவல்லதாகையால், மொச்சைக்குப் பின் எள்ளோ, நிலக்கடலையோ, சோளமோ விதைத்துவிட்டு 'பயிர் மாற்றம் செய்தேன்' என்று திருப்தியடைவதில் பயனில்லை. அவையும் இதற்கு உணவே.

மண்ணிலிருந்து வரும் இந்நோய்களைப்பற்றிய ஆராய்ச்சி நம் தேசத்தில் புதிதன்று. துவரையின் வாடல் நோயைப் பட்லர் என்னும் பூசண சாஸ்திரி 1906-ஆம் ஆண்டிலேயே பீகாரிலிருந்து எழுதினார். சென்னைச் சர்வகலாசாலையில் சதாசிவன் அவர்களும் அவருடைய மாணவர்களும் பருத்தி வாடலைக்குறித்து நெடுங்காலம் உழைத்தார்கள். ஒரு நுண்ணுயிரைக்கொண்டு மற்றொன்றை அடக்கலாம் என்னும் கருத்தும் பழையதே. டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூசணம் ரைசோக்டோனியாவின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து அதையே உணவாகக் கொள்வதை வைண்ட்லிங் என்பவர் 1932-இல் காட்டினார். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதை டால்க் மாவில் கலந்து, பயறு விதைக்குப் பூசத்தக்க பொடியாக 1990-ஆம் ஆண்டுகளில் தயாரித்தனர். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவையும் அவ்வாறே பொடியாக்கிக் கொண்டைக்கடலை வாடலுக்குப் பயன்படுத்திய முறையை 1995-இல் வெளியிட்டனர். குறிப்பேட்டிலிருந்து வயலுக்கு வந்து, பல பருவங்கள் பல மண்களில் நின்று காட்டிய பிறகே இவை சிபார்சுப் பட்டியலில் ஏறின. ஈஸ்டு இன்னும் அந்த வழியில் நடந்து முடிக்கவில்லை.

ஈஸ்டு என்பதும் பூசண வர்க்கத்தைச் சேர்ந்ததே. ஆனால் இழையாகப் படராமல் தனித்தனி அணுக்களாக இருந்து, பெரும்பாலும் மொட்டு விட்டுப் பெருகுவது. (இட்லி மாவு பொங்குவதும் ஈஸ்டினால்தான் என்று பலர் நினைப்பர், அது பெரும்பாலும் பாக்டீரியாக்களின் வேலை. புளித்ததெல்லாம் ஈஸ்டு என்று கொள்வது தவறு.) மண்ணிலும், இலையிலும், பழத்தோலிலும் பலவகை ஈஸ்டுகள் இயற்கையாகவே வாழ்கின்றன. வேரிலிருந்து கசியும் சர்க்கரைச் சத்தை அவை விரைந்து உண்டுவிடுவதால், அதே சத்தை நாடிவரும் நோய்ப் பூசணத்துக்கு ஆகாரம் குறைகிறது. சில ஈஸ்டுகள் பூசணத்தின் சுவரைக் கரைக்கும் நொதிகளையும், அதன் வளர்ச்சியைத் தடுக்கும் ஆவிகளையும் வெளியிடுகின்றன. வேறு சில, பயிரின் வேரை நீளச் செய்யும் வளர்ச்சிப் பொருள்களை உண்டாக்குகின்றன. கேட்பதற்கு மிகவும் அனுகூலமாகவே இருக்கிறது.

பரீக்ஷைகளும் இல்லாமலில்லை. எகிப்து தேசத்தில் பீன்ஸ் செடியின் வேரைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே ஈஸ்டுகளைப் பிரித்தெடுத்து, அச்செடியின் பியூசேரிய வாடலுக்கு எதிராக அவற்றைச் சோதித்த ஆராய்ச்சி 2004-இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சியில், சர்க்கரைக் கிழங்கைத் தாக்கும் ரைசோக்டோனியாவை மூன்றுவகை ஈஸ்டுகள் குறைத்தன என்றும், அம்மூன்றையும் சேர்த்து இட்டபொழுது தனித்தனியே இட்டதைவிடப் பலன் மிகுந்தது என்றும் கண்டார்கள். இவற்றை நாம் மதிக்கவேண்டும். ஆயினும் இப்பரீக்ஷைகளில் எதிர்த்து நின்ற பூசணங்கள் எவை என்பதைக் கவனிக்கவேண்டும். ஒன்றில் பியூசேரியம், மற்றொன்றில் ரைசோக்டோனியா. நம் மானாவாரிக் காட்டில் முதன்மையான பகைவனாகிய மேக்ரோபோமினா அவற்றில் இல்லை. தவிரவும், ஈஸ்டு ஈரத்தையும் சர்க்கரையையும் நாடுவது. இழை விட்டு நகர்ந்து செல்ல இயலாதது. மேக்ரோபோமினாவோ மண் காயும்பொழுது பலம் பெறுவது. காவற்காரன் தூங்கும் வேளையில் திருடன் வருவதாயிருந்தால், அந்தக் காவலுக்குக் கூலி கொடுப்பதற்குமுன் யோசிக்கவேண்டாமா?

தொட்டியிலும் கண்ணாடி வீட்டிலும் கிடைத்த பலன் திறந்த வயலில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தொட்டியில் மண் அளவானது, தண்ணீர் தவறாதது, எதிரியும் ஒன்றே. புதூர்நாட்டுச் சரிவிலோ ஒரே காட்டில் மேல்பாத்தி காய்ந்தும் கீழ்ப்பாத்தி நனைந்தும் இருக்கும். ஈஸ்டு விவசாயத்தில் ஓரளவு இடம்பெற்றதும் மண்ணில் அன்று, அறுவடை செய்த பழத்தில்தான். எலுமிச்சை இனப் பழங்களும் ஆப்பிளும் கிடங்கில் அழுகாமலிருக்க ஒருவகை ஈஸ்டைக்கொண்டு தயாரித்த சரக்கு 1995-இல் அமெரிக்காவில் பதிவு பெற்றது. பழத்தின் காயத்தில் சர்க்கரையும் ஈரமும் உண்டு. கிடங்கின் குளிர்ச்சியை மனிதனே அமைக்கிறான். அவ்வளவு அனுகூலமான இடத்திலும் அந்தச் சரக்கு நிலைக்கவில்லை. பின்னர் விற்பனையிலிருந்து நீங்கிற்று. அப்படியிருக்க, மானாவாரி மண்ணில் அது எளிதில் வெற்றி பெறும் என்று யாரேனும் வாக்குக் கொடுத்தால், எந்த மண்ணில், எந்தப் பயிரில், எத்தனை பருவம் பார்த்தீர்கள் என்று கேட்கக் குடியானவருக்கு உரிமை உண்டு.

ரொட்டி ஈஸ்டை வெல்ல நீரில் கரைத்து வேரடியில் ஊற்றலாம் என்னும் யோசனையும் சிலருக்குத் தோன்றும். வெல்லம் ஈஸ்டுக்கு மட்டும் உணவன்று. வேரின் சர்க்கரைக் கசிவை மோப்பம் பிடித்தே முளைக்கும் நோய்ப் பூசணங்கள் அதே மண்ணில் காத்திருக்கின்றன. ஊற்றிய வெல்லத்தில் அவைகளும் பங்கு கேட்கும். ரொட்டி ஈஸ்டு மாவிலும் சாற்றிலும் வாழப் பழகியது. மண்ணில் நிலைத்துப் பெருகுவதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. மேலும் ஈஸ்டு என்ற பெயருடையவை யாவும் தீங்கற்றவை அல்ல. மேற்கூறிய பரீக்ஷைகளில் சேர்ந்த இனங்கள் சில, உடல் தளர்ந்த நோயாளிகளுக்குத் தொற்றை உண்டாக்கக்கூடியவை. இன்ன இனம் என்று தெரியாத புளித்த கரைசலைக் கையால் விதையில் புரட்டுவது, அதுவும் பெண்டுகளும் பிள்ளைகளும் விதைக்கும் இடத்தில், விரும்பத்தக்கதன்று.

இவ்வளவும் கூறியபின் ஈஸ்டை அடியோடு தள்ளிவிடலாமே என்று இலாகாவைச் சேர்ந்தவர் யாரேனும் சொன்னால், அதையும் நாம் ஏற்கமாட்டோம். டிரைக்கோடெர்மாப் பொடி உயிருள்ள சரக்கு. அதன் வீரியம் சில மாதங்களே நிற்கும்; வெயிலில் கிடந்தால் அதற்குமுன்பே கெடும். திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையேறிப் புதூர்நாடு வந்து, அங்கிருந்து சிற்றூருக்குத் தலைச்சுமையாகப் போய், தகரக் கூரையின்கீழ் மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் பொட்டலத்தில் எவ்வளவு உயிர் மிஞ்சும் என்பது சிந்திக்கத்தக்கது. உலர்த்திய ஈஸ்டோ காற்றுப் புகாத உறையில் ஒரு வருஷத்துக்கு மேலும் கெடாமலிருக்கும், பெருக்குவதும் எளிது. நல்ல இனம் ஒன்று அகப்பட்டால் எட்டாத மலைக் கிராமங்களுக்கு அதைவிட ஏற்ற சரக்கு வேறில்லை. ஆகையால் எகிப்தியர் செய்ததுபோலவே, இம்மலையின் இலைச் சருகு மக்கிய மண்ணில், நோய் கண்ட காட்டின் நடுவே நோயின்றி நிற்கும் மொச்சையின் வேரிலிருந்து ஈஸ்டுகளைப் பிரித்தெடுத்து, மேக்ரோபோமினாவுக்கு எதிராகச் சோதிக்கவேண்டும். வேற்று நாட்டு இனத்தைக் கொண்டுவருவதைவிட, இந்த மண்ணின் வெயிலையும் மழையையும் பழகிய இனத்தைத் தேடுவதே முறை.

அதுவரையில் குடியானவர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மாப் பொடி, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் பொடி, ஆறிய அரிசிக் கஞ்சியில் நனைத்த விதையுடன் சீராகப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கவேண்டும். ரைசோபியம் இடுவதாயிருந்தால் இதற்குப்பின் இடலாம். ரசாயனப் பூசணக்கொல்லி பூசிய விதைக்கு இவற்றைப் பூசுவது வீண்; மருந்து நன்மை செய்யும் உயிரையும் கொன்றுவிடும். ஏக்கருக்கு 60 கிலோ வேப்பம் பிண்ணாக்கை அடியுரமாக இடுவது வேரழுகலைக் குறைக்கும். நோய் வழக்கமாகக் காணும் காட்டில், ஒரு கிலோ டிரைக்கோடெர்மா அல்லது சூடோமோனாஸ் பொடியை 20 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, விதைத்த 30-ஆம் நாள் ஈரமுள்ளபொழுது ஒரு ஏக்கரில் தூவலாம். பொட்டலத்தில் சிலவற்றில் விரிடி என்றும் சிலவற்றில் அஸ்பெரெல்லம் என்றும் பெயர் இருக்கும், அதனால் குழம்பவேண்டாம். பதிவு எண்ணும், தயாரித்த தேதியும், காலாவதித் தேதியும் இல்லாத பொட்டலத்தை மட்டும் தொடவேண்டாம். செத்த செடிகளை வேரோடு எடுத்துக் கொளுத்துவதும், தொழு உரத்தைத் தாராளமாக இட்டு மண்ணின் ஈரப்பிடிப்பை உயர்த்துவதும் எந்தப் பொட்டலத்துக்கும் குறைந்தவை அல்ல. வறட்சியில் தளராத செடியை மேக்ரோபோமினா எளிதில் வெல்லாது.

இனிக் கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. அடங்கலில் மொச்சை எத்தனை ஏக்கர் என்பது ஏறுகிறது. அதில் எத்தனை செடி வேரழுகிச் செத்தது என்பது எங்கும் ஏறுவதில்லை. நஷ்டத்தின் அளவு தெரியாத நோய்க்குப் பணம் ஒதுக்குங்கள் என்று மேலிடத்தை எப்படிக் கேட்பது? பயிராய்வுக்குக் காட்டுக்குள் செல்லும்பொழுது நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து இடங்களில் நூறு நூறு செடிகளை எண்ணி, அவற்றில் வாடியவை எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பது கிராம நிர்வாக அலுவலருக்கோ உதவி வேளாண்மை அலுவலருக்கோ அரை மணி நேர வேலைதான். இரண்டு பருவங்கள் அவ்வாறு எழுதினால், எந்தச் சிற்றூரில் நோய் கடுமை, எந்தச் சரிவில் இல்லை என்பது வெளிப்படும். ஈஸ்டு தேடுகிறவர் எங்கே தேடவேண்டும் என்பதையும் அந்த நோட்டே சொல்லும்.

சோதனைக்கு ஊர்ப் பெரியவர்கள் இணங்கி நிலம் கொடுப்பதாயிருந்தால் அதை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற நிறுவனத்தின் பொறுப்பில் நடத்துவது உசிதம். அப்படி நடத்தும்பொழுது மூன்று குடியானவர்களுடைய காடுகளிலாவது, ஒவ்வொன்றிலும் பக்கத்தில் பக்கத்தில் மூன்று பாத்திகள் வேண்டும்: ஒன்று யாதும் பூசாத விதை, ஒன்று டிரைக்கோடெர்மா பூசியது, ஒன்று ஈஸ்டு பூசியது. விதை ஒரே பானையினதாக இருக்கவேண்டும். எருவும் களையெடுப்பும் மூன்றுக்கும் சமமாக இருக்கவேண்டும். புது வைத்தியப் பாத்திக்கு அன்பு மிகுதியால் ஒரு கூடை எரு கூடுதலாக விழுந்துவிடுவது நாம் அறியாத விஷயமன்று. முளைத்தவற்றை 15-ஆம் நாளும், செத்தவற்றை 30-ஆம், 45-ஆம் நாள்களிலும் எண்ணி, அறுவடையில் மணியை நிறுக்கவேண்டும். பூசாத பாத்தியில் நஷ்டம் நேர்ந்தால், நிலம் கொடுத்தவருக்கு அதை ஈடு செய்யும் ஏற்பாடும், அவருடைய விதையில் ஒரு படியைச் சோதனைக்கு முன்னரே தனியாக எடுத்து மறு வருஷத்துக்கு வைத்திருக்கும் ஏற்பாடும் விதைப்புக்கு முன்பே எழுத்தில் இருக்கவேண்டும்.